மேலே குடித்தனம், கீழே நாம்: தரைக்கு என்ன போடலாம்?

வியாசர்பாடியில் முதல் வீடு. கீழே நாங்கள், மாடியில் குடித்தனம். இரண்டு ஹாலுக்கும் ஒரே டைல்ஸ் போடலாமா? ஒவ்வொன்றும் 300 சதுர அடி.

தாராளமாகப் போடலாம். உடைந்த கல்லை மாற்றுவதும் சுலபம். 2×2 அடி விட்ரிஃபைடில் (அதிகச் சூட்டில் சுட்ட, கெட்டியான டைல்ஸ்) டபுள் சார்ஜ் ரகம் எடுங்கள். நிற அடுக்கே 3, 4 மி.மீ. கனம் என்பதால், கட்டிலை இழுத்தாலும் கீறல் எடுப்பாகத் தெரியாது. ஜி.வி.டி. (மேலே டிசைன் அச்சிட்டுக் கிளேஸ் பூசிய விட்ரிஃபைடு) பார்க்க அழகு, ஆனால் மேல்படலம் தேய்ந்தால் டிசைனும் போய்விடும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் போர்ஷனுக்கு அது வேண்டாம்.

ஒரு கல் 3.88 சதுர அடி வரும். ஒரு ஹாலுக்கு 78 கல். வெட்டு, உடைசலுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 86. நாலு கல் பெட்டியானால் 22 பெட்டி. அதற்கு மேல் ஒரு பெட்டி வாங்கிப் பரணில் வையுங்கள். சில வருஷம் கழித்துக் குடித்தனக்காரர் கையிலிருந்து கிரைண்டர் குழவி விழுந்தால், அதே ஷேடு கடையில் கிடைக்காது. வாங்கும்போதே எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணை (ஒரே தடவையில் தயாரானதைக் காட்டும் எண்) ஒப்பிடுங்கள்.

விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது, அதனால் வெறும் சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. டைல் அட்ஹெசிவ் என்ற ஒட்டும் பசை கேளுங்கள். 20 கிலோ மூட்டை 3 மி.மீ. கனத்தில் சுமார் 50 சதுர அடிக்கு வரும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டும் வழக்கத்தை அனுமதிக்காதீர்கள். உள்ளே பொள்ளல் (வெற்றிடம்) விழும், பாரம் விழுந்ததும் கல் விரிசல் விடும். பல் வைத்த கரண்டியால் பரப்பச் சொல்லி, ஒட்டின கல் ஒன்றை அப்போதே பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். கல்லுக்குக் கல் 2 மி.மீ. ஸ்பேசர் அவசியம்.

பெரம்பூர். மாடி பாத்ரூம் ஒழுகி எங்கள் படுக்கையறைக் கூரை ஊறுகிறது. டைல்ஸ் மாற்றினால் நிற்குமா?

டைல்ஸை மட்டும் மாற்றினால் நிற்காது. தண்ணீரைத் தடுப்பது அதற்குக் கீழே இருக்கும் பூச்சு.

முதலில் காரணத்தைப் பிரியுங்கள். யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் பரவினால் தண்ணீர் வரும் பைப்பைச் சந்தேகியுங்கள். குளித்த பிறகு மட்டும் என்றால் தரையோ, நஹானி டிராப் (தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) இணைப்போதான்.

தரை என்றால் தளம் வரை உடைத்துச் சுத்தம் செய்து, டிராப்பைச் சுற்றியும் சுவர் மூலைகளிலும் சுருங்காத கிரவுட்டால் (இடுக்கு அடைக்கும் கலவை) அடைக்க வேண்டும். பிறகு வாட்டர்புரூஃபிங் பூச்சு இரண்டு கோட், ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றவும். காய்ந்ததும் டிராப்பை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் வராவிட்டால்தான் அடுத்த வேலை.

தரையின் வாட்டம் (சரிவு) 5 அடிக்கு முக்கால் அங்குலம். கல் 1×1 அடி மேட் (பளபளப்பில்லாத) ரகம் போதும். 2×2 போட்டால் டிராப்பை நோக்கி வாட்டம் பிடிக்காது, தண்ணீர் தேங்கும். இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், குளிக்க மாற்று ஏற்பாட்டைக் குடித்தனக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாதியில் சண்டை வந்தால் 48 மணி நேரச் சோதனைதான் முதலில் அடிபடும்.

கொளத்தூர். கீழ் போர்ஷனை வாடகைக்கு விடுகிறோம். மரத் தரை போட்டால் வாடகை கூடுமா?

கூடினாலும் வேண்டாம். லேமினேட்டின் உள்பலகை மரத்தூள் அட்டைதான். தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். 2015, 2023 டிசம்பர் மழையைப் பார்த்தவர்கள் கீழ்த்தளத்தில் அதைப் போட மாட்டார்கள். விட்ரிஃபைடு போட்டு, இடுக்குகளில் தண்ணீர் புகாத எபாக்ஸி கிரவுட் அடித்து, சுவரிலும் 3 அடி டைல்ஸ் ஏற்றுங்கள். மழைநீர் வாசல் வழியாக மட்டும் வராது, சாக்கடை வழியாக டிராப்பிலும் ஏறும். வெளியேறும் குழாயில், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு வையுங்கள். சமையலறைக் கீழ் அலமாரிக்கு பிளைவுட்டுக்குப் பதில் கடப்பா கல்.

பழைய வண்ணாரப்பேட்டை. பழைய மொசைக் மங்கிவிட்டது. மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

பொள்ளல் இல்லையென்றால் பாலிஷே போதும். டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். எல்லாக் கதவையும் அடியில் இழைக்க வேண்டும். குழிகளை நிறம் கலந்த சிமென்டால் அடைத்து, இரண்டு நாள் ஈரத்தில் விட்டு, 60, 120, 220 நம்பர் பாலிஷ் கல்லால் (எண் கூடக் கூட நைசு) படிப்படியாகத் தேயுங்கள். குடிவருபவரிடம் பாத்ரூம் ஆசிட் கூடாது என்று சொல்லிவிடுங்கள், மார்பிள் துண்டுகளை அரித்துவிடும்.

மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம். என்ன டைல்ஸ் போட்டால் குறையும்?

எந்த டைல்ஸாலும் குறையாது. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட், வாஷிங் மெஷினுக்கு அடியில் ரப்பர் பாய். செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.