ஆம்னி வேன் ஏற்றத்தில் தட்டுவது ஏன்?

கேள்வி: என்னிடம் கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி ஆம்னி வேன் உள்ளது. பிக்கப் குறைந்தபோது மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் பகுதி) சற்றுத் திருப்பி வைத்தார். வண்டி நன்றாக இழுத்தது. பின்னர் அதற்குள் இருக்கும் சி.பி. பாயிண்டை (திறக்கும்போது தீப்பொறியை உண்டாக்கும் கான்டாக்ட் பிரேக்கர்) புதிதாக மாற்றியதிலிருந்து மலை ஏறும்போது என்ஜின் தட்டுகிறது. டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது எப்படி?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தீப்பொறி தேவைக்கு முன்னதாகவே விழுகிறது என்று தோன்றுகிறது, அப்படி ஆன விதமும் தங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. சி.பி. பாயிண்டில், அதைத் திறக்கும் சுழல் மேடான கேமை உரசும் ஃபைபர் பகுதி தேயத் தேய இடைவெளி குறைந்து, பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாகும். தேய்ந்த பாயிண்டை மாற்றாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அந்தத் தாமதத்தை ஈடுகட்டியிருக்கிறார்கள். புதிய பாயிண்ட் வந்ததும் தாமதம் நீங்கிவிட்டது, திருப்பி வைத்தது மட்டும் அப்படியே நிற்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு என்ஜினின் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், டிஸ்ட்ரிபியூட்டரை 5 டிகிரி திருப்பினாலே டைமிங் 10 டிகிரி மாறிவிடும்.

ஆகவே முதலில் என்ஜினை நிறுத்திப் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, கையேட்டில் உள்ளபடி வையுங்கள். டைமிங்கைத் தொடுவது அதன் பிறகே. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண். என்ஜின் நன்கு சூடானதும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்தை அடைத்துவிட்டு, முதல் சிலிண்டர் வயரில் டைமிங் லைட்டை (ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னி, குறியைக் காட்டும் விளக்கு) மாட்டுங்கள். ஐடிலிங் வேகம் கூடியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்னதாக்கும் எடைகள் விரிந்து அளவு பொய்யாகும் என்பதால், அதைச் சரிபார்த்த பின்பே ஃப்ளைவீல் குறியைப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுழலும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் டைமிங் பின்தள்ளப்படும், அதாவது தீப்பொறி தாமதமாகும். தங்களுக்குத் தேவை அதுதான். போல்ட்டை இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்துவிடுவது வழக்கம். ஆக்ஸிலரேட்டரை மெல்லக் கூட்டும்போது குறி சீராக முன்னேறாமல் நின்றால், எடைகள் இறுகிவிட்டன என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

சத்தம் பிடிக்கவில்லை என்று காதுக்கு இதமாகும் வரை பின்தள்ளிவிடாதீர்கள். அளவுக்கு மீறிப் பின்தள்ளினால் இழுவை குறைந்து என்ஜின் சூடேறும். ஆம்னியில் அந்தச் சூடு இருக்கைக்கு அடியிலேயே தெரியும்.

கேள்வி: ஆக்டேன் (தட்டுவதைத் தாங்கும் திறன்) கூடிய பெட்ரோல் போட்டால் இந்தச் சத்தம் நிற்குமா?
– அதே வாசகர்

பதில்: குறையலாம். ஆனால் டைமிங் தவறாகவே இருக்கும். டைமிங் சரியாக வைத்த பின்னும் தட்டினால், சிலிண்டர் ஹெட்டில் கரி படிந்துள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.