வால்நட் பலகைகள் ஒன்றுக்கொன்று நிறம் மாறி இருக்கின்றன. மரம் வளர்ந்த இடம் காரணமாக இருக்குமா?

இருக்கும். வாங்கியதில் ஒன்று சாக்லேட் நிறம், ஒன்று சாம்பல் ஓடிய பழுப்பு, கடைக்காரர் கலந்து கொடுத்துவிட்டார் என்ற சந்தேகத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவசரப்பட்டு அவரைத் திட்டிவிடாதீர்கள். சேலத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பழி என் மேலும் விழுந்திருக்கிறது.

என் விஷயத்தில் மரம் தேக்கு. அஸ்தம்பட்டியில் வீடு கட்டிய ஒருவர், ஏற்காடு அடிவாரத்தில் தன் அப்பா நட்ட மரங்களையே அறுத்துக் கொண்டுவந்தார். வாசலுக்கு இரட்டைக் கதவு. இழைத்து நிறுத்தினால் ஒரு கதவு வெளிர் மஞ்சள், இன்னொன்று கருவரி ஓடிய தேன் நிறம். "எங்க மரத்தை எடுத்துக்கிட்டு வேற மரத்தை வெச்சிட்டீங்களா ஆசாரி?" என்று வேலையாட்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

மிச்சக் கட்டைகளின் வெட்டுமுகத்தை இழைத்து, ஈரத்துணியால் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றில் வளையங்கள் அகல அகலமாக, ஓரத்து வெள்ளையும் தடிமனாக. அது வாய்க்கால் ஓரம் நின்ற மரம். மற்றதில் வளையங்கள் நெருங்கி, நடுவே பென்சிலால் இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள். அது கரட்டு மேட்டில் தண்ணீருக்குத் தவித்து வளர்ந்தது. எந்த மரம் எங்கே நின்றது என்று அவரே சொன்னார். அப்புறம் பேச்சில்லை.

வால்நட்டும் அப்படித்தான். அமெரிக்கக் கறுப்பு வால்நட் ஆழமான, தண்ணீர் தேங்காத மண்ணில் செழிக்கும். வறண்ட சரிவில் நின்றால் வளர்ச்சியும் வேறு, வைரத்தின், அதாவது நடுமரத்தின், நிறமும் வேறு. மண் மட்டுமா, வயது, மரபு எல்லாம் இல்லையா என்று படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். மண் மட்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே மரத்தின் பலகைகளிலேயே நிறம் மாறும்.

அறுத்த பிறகு நடப்பதும் உண்டு. அமெரிக்காவில் பல மில்களில் பலகையை நீராவியில் வைப்பார்கள். ஓரத்து வெள்ளை பழுப்பாகும். கூடவே வைரத்தில் இருக்கும் ஊதா, சிவப்புச் சாயல் மங்கிவிடும். நீராவி காட்டாமல் காற்றில் உலர்த்தியதில் அந்தச் சாயல் நிற்கும். காஷ்மீர் வால்நட் என்றால் இனமே வேறு, பொதுவாக இன்னும் வெளிர். அத்தோடு வால்நட் வெளிச்சம் பட்டு நாளாக நாளாக வெளிறும்.

பலகைகளைப் பகல் வெளிச்சத்தில் வரிசையாகப் பரப்பி, மேசை செய்வதானால் ஒத்த நிறத்தை மேல்பலகைக்கு எடுங்கள். மாறியதைக் காலுக்கும் சட்டத்துக்கும் தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் கறுப்புச் சாயம் அடித்துவிடாதீர்கள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரேகை அதில் மூழ்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரானைட்காரருக்கும் ஏசி மாட்டியவருக்கும் பில் பார்த்ததும் பணம் போகிறது. தச்சனுக்கு மட்டும் "கிரகப்பிரவேசம் முடியட்டும், பார்க்கலாம்". அந்தக் கதவுக்கான மீதிக் கூலி எனக்கு இன்னும் வரவில்லை. மர நிறத்தைச் சந்தேகப்பட்டதைக் கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.