விலைபோனவர்கள் யார்? – கடிதம்

அன்புள்ள சார்,

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் மேடைப் பதிவுகளைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். இனி ஸ்டுடியோ ஆல்பங்களுக்குப் போகலாமா? எதிலிருந்து தொடங்குவது? 1987இல் வந்த ‘இன் தி டார்க்’ மட்டும் வேண்டாம், ஹிட்டுக்காக விலைபோன ஆல்பம் அது என்கிறார் என் நண்பர்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1970இல் வந்த ‘அமெரிக்கன் பியூட்டி’யிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் உங்கள் பாடு. நான் எழுத உட்கார்ந்தது உங்கள் நண்பருக்காக. ரசிகர்கள் கலைஞர்களுக்கு வைக்கும் இந்தக் கற்புச் சோதனை மேல் எனக்கு ஏற்கெனவே எரிச்சல்.

ஹிட்டுக்கு ஆசைப்பட்டது 1987இல்தானா என்று அவரிடம் கேளுங்கள். 1977இல் அரிஸ்டா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக ‘டெர்ராபின் ஸ்டேஷன்’ செய்தபோதே கீத் ஓல்சன் என்ற தயாரிப்பாளரை வெளியிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் டேப்பை லண்டனுக்குக் கொண்டுபோய் வயலின்களையும் கோரஸையும் ஏற்றிக்கொண்டு வந்தார். தன் தாள வாசிப்பு இருந்த இடத்தில் வயலின் உட்கார்ந்திருப்பதைக் கேட்டு டிரம்மர் மிக்கி ஹார்ட் கொதித்துப்போனார். அடுத்த ஆண்டு ‘ஷேக்டவுன் ஸ்ட்ரீட்’, டிஸ்கோ வாடையோடு. 1980இல் ‘கோ டு ஹெவன்’, அட்டையில் எல்லோரும் வெள்ளை சூட்டில். மூன்றுமே ஆசைப்பட்டுச் செய்தவை. ஹிட் மட்டும் வரவில்லை.

‘இன் தி டார்க்’குக்கு அவர்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. சான் ரஃபேலில் ஆளில்லாத ஒரு அரங்கத்தின் மேடையில், கச்சேரியில் நிற்பது போலவே நின்று, அடிப்படை ட்ராக்குகளை ஒன்றாக வாசித்தார்கள். அதில் ஹிட்டான ‘டச் ஆஃப் கிரே’ 1982 முதலே மேடையில் பாடிவந்த பாட்டு. 1986 ஜூலையில் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா சர்க்கரை நோயால் கோமாவுக்குப் போய்த் திரும்பினார். கிட்டாரையே மறுபடி பழக வேண்டியிருந்தது. அந்த மனிதர் இந்தப் பாட்டில் ‘நான் பிழைத்துக்கொள்வேன்’ என்று பாடினால் கேட்க மாட்டார்களா? அமெரிக்க ஹிட் பாட்டுகளின் பில்போர்ட் பட்டியலில் 9ஆம் இடம். முப்பதாண்டு வாழ்க்கையில் அவர்களுடைய சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) முதல் நாற்பதுக்குள் நுழைந்தது அந்த ஒருமுறைதான். இதில் யார் யாருக்கு விலைபோனார்கள்?

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு நண்பர் எனக்கு அவர்களுடைய கச்சேரி கேசட்டுகளை அனுப்புவார். நகலின் நகல், கிட்டாருக்குச் சமமாக இரைச்சலும் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கார்சியா மெல்ல ஏறிக்கொண்டிருப்பார், டக்கென்று டேப் நின்றுவிடும். திருப்பிப் போட்டால் குழு வேறெங்கோ போயிருக்கும். விட்டுப்போன அந்தச் சில விநாடிகளில் என்ன வாசித்திருப்பார் என்று கடிதத்திலேயே சண்டை போட்டிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம், விற்காமல் இருந்தால் சரி என்று விட்ட குழு அது. 1984இல் பதிவு செய்கிறவர்களுக்கு அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். இவர்களைப் போய் வியாபாரிகள் என்கிறாரே, உங்கள் நண்பர் எத்தனை கேசட்டை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்?

ஹிட்டுக்குப் பிறகு கூட்டம் கட்டுக்கு அடங்கவில்லை, அது நிஜம். டிக்கெட் இல்லாதவர்களும் அரங்க வாசலில் திரண்டார்கள். 1995 ஜூலையில் இண்டியானாவின் டீர் க்ரீக் அரங்கில் வேலியை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். மறுநாள் கச்சேரியே ரத்தானது. வேலியை உடைத்தது ரசிகன். பழி மட்டும் ஆல்பத்துக்கு.

நீங்கள் தாராளமாக ‘இன் தி டார்க்’ கேளுங்கள். நண்பருக்கு அதன் கடைசிப் பாட்டான ‘பிளாக் மடி ரிவர்’ மட்டும் போட்டுக் காட்டுங்கள். அதற்கும் மூக்கைச் சுளித்தால் அவரோடு இசை பேசாதீர்கள், கிரிக்கெட் பேசுங்கள்.