புதிய ரேம் போட்ட பிறகு டிஸ்ப்ளே வரவில்லை, மதர்போர்டு போய்விட்டதா?

மதர்போர்டு வாங்க இன்றைக்கே பணம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் போர்டு பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். 4 ஜிபி ரேமோடு நன்றாக ஓடிய பழைய டெஸ்க்டாப். இணையத்தில் வாங்கிய 8 ஜிபி டிடிஆர்3 (மூன்றாம் தலைமுறை வகை) ரேமைப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருக்கிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது. புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் போட்டாலும் அதே கதை. போர்டை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். இதே தீர்ப்பைக் கேட்டுவிட்டு நானும் ஓர் இரவு முழுக்கக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறவர். ஆடி முடியப் போகிற நேரம். ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ்கள் குவிந்திருந்தன. அவருடையது இன்டெலின் எச்61 சிப்செட் போர்டு, இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, ரேமுக்கு இரண்டே ஸ்லாட். பெரிய படங்களைத் திறந்தால் கணினி திணறுகிறதே என்று நான்தான் 8 ஜிபி ரேம் வரவழைத்து மாட்டினேன். மாட்டியதும் டிஸ்ப்ளே நின்றுவிட்டது. தெரிந்த மெக்கானிக் தொலைபேசியிலேயே "போர்டு போயிருக்கும்" என்றார். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் மூன்று வீட்டார் புரூஃப் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

திரை ஏன் கறுப்பாக இருக்கிறது என்பது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பொத்தானை அழுத்தியவுடன், கணினியை எழுப்புகிற பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் முதலில் தேடுவது ரேமைத்தான். ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற சின்னஞ்சிறு சிப் இருக்கிறது. அந்த ரேமின் கொள்ளளவு, வேகம், அமைப்பு எல்லாம் அதில் பதிந்திருக்கும். பயாஸ் அதைப் படித்து, ரேமைத் தயார் செய்த பிறகுதான் திரைக்குப் படம் அனுப்பும் வேலைக்கே வருகிறது. ரேம் சரியாக உட்காராவிட்டால் "ரேம் சரியில்லை" என்று எழுதிக் காட்டவும் வழியில்லை. போர்டில் ஸ்பீக்கர் இருந்தால் பீப் ஒலி கேட்கும். புதிய போர்டுகள் சிலவற்றில் ரேமுக்கென்று ஒரு சிறு விளக்கு எரியும். பழைய போர்டில் ஸ்பீக்கரும் இல்லையென்றால் மௌனம்தான். செத்துப்போன போர்டும் இப்படித்தான் தோன்றும் என்பதால் பலரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எனவே முதலில் புதிய ரேமை மறந்துவிடுங்கள். பழைய ரேமோடு கணினியை எழுப்புவது ஒன்றே இப்போதைய வேலை. சுவரில் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் படாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். ரேமின் தங்கநிறப் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். நம் ஊரில் எல்லோரும் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேறு வழியில்லை என்றால் மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம், ஆனால் போர்டுக்கு மேலே வைத்துத் தேய்க்க வேண்டாம்; துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஸ்லாட்டை வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் போகும். உலர்ந்த, சுத்தமான சிறு பிரஷ் போதும்.

பிறகு செருகுவது. அப்பாவின் கணினியில் தவறு நடந்த இடம் இதுதான். கழற்றி மீண்டும் மாட்டிய பழைய ரேமின் ஒரு முனை முழுதாக இறங்கியிருந்தது, மறுமுனை நூலளவு தூக்கிக்கொண்டு நின்றது. மேலிருந்து பார்த்தபோது தெரியவேயில்லை. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. போர்டு வளையுமோ, உடையுமோ என்று பயந்து பயந்து அழுத்தியதன் விளைவு அது. இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு முனைகளில் வைத்து, செங்குத்தாக, நிதானமாக அழுத்துங்கள். கிளிப் தானாகவே டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். கிளிப்பைக் கையால் இழுத்து மூடினால் ரேம் இறங்கியிருக்கிறதா என்று தெரியாது. சில போர்டுகளில் ஒரு பக்கக் கிளிப் மட்டுமே அசையும். அந்த வகையில் அசையாத பக்கம்தான் ஏமாற்றும்.

அப்படியே செயலிக்கு அருகே செருகியிருக்கும் 4 முனை அல்லது 8 முனை மின் பிளக்கையும் அழுத்திப் பாருங்கள். கை நுழைக்கும்போது அது தளர்ந்திருந்தால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் ஒருமுறை எடுத்துச் செருகுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் மட்டும் பயாஸ் பேட்டரியைக் கழற்றுங்கள். சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி அது. வயர் பிடுங்கிய நிலையில் சில நிமிடம் வெளியே வைத்திருந்தால் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். இதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ரேமைச் சரிபார்க்கும் முன்பே பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ரேமை ஒழுங்காக உட்கார வைத்ததும் நள்ளிரவில் டிஸ்ப்ளே வந்தது. விண்டோஸ் மட்டும் நீலத் திரை காட்டிச் சுழன்றது. ஹார்டு டிஸ்கும் போய்விட்டதோ என்று நெஞ்சு அடைத்தது. பயாஸ் அமைப்பில் சாட்டா முறை (கணினி ஹார்டு டிஸ்கோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்று மாறியிருந்தது, அவ்வளவே. திருப்பி வைத்ததும் அப்பாவின் கோப்புகள் அத்தனையும் இருந்தன. உங்களுக்கும் அப்படி ஆனால் சாட்டா முறையையும், பூட் பகுதியில் யுஇஎஃப்ஐ (புதிய தொடக்க முறை), லெகசி (பழைய முறை) தேர்வையும் பாருங்கள். தேதி, நேரத்தையும் திருத்துங்கள். தேதி பின்னால் போயிருந்தால் வங்கித் தளங்கள்கூடத் திறக்காமல் சான்றிதழ் பிழை காட்டும். வட்டை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருப்பவர்கள் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பழையதோடு கணினி எழுந்துவிட்டதா? இப்போது புதியதைத் தனியாக, அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த ஸ்லாட்டில். எங்கள் புதிய ரேம் எதிலுமே எழவில்லை. வாங்கிய பக்கத்தை மீண்டும் திறந்து, எங்கோ கீழே இருந்த விவரத்தைப் படித்தேன்: இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் போர்டுகளுக்கு மட்டும். இது என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது, ஏனென்றால் பொருளின் தலைப்பில் அந்தச் சொல்லே இல்லை. மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ரேம்களில் இந்த வகை நிறைய உண்டு. நான்கு பிட் அகலச் சிப்புகளால் ஆன ரேம்கள் அவை. இன்டெலின் டெஸ்க்டாப் செயலிகள் எட்டு, பதினாறு பிட் அகலச் சிப்புகளை மட்டுமே ஏற்கும். ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், வேலை செய்யாது. உங்களுடையது இன்டெல் போர்டு என்றால் என் முதல் சந்தேகம் இதுதான். சர்வரிலிருந்து கழற்றி விற்கும் டிடிஆர்3 ரெஜிஸ்டர்டு ரேமும் அப்படியே, செருகலாம், சாதாரண டெஸ்க்டாப்பில் எழாது. டிடிஆர்4 ரேமாக இருந்திருந்தால் பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறிடத்தில் இருப்பதால் உள்ளேயே போயிருக்காது.

மலிவு ரேமைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய ரேமின் லேபிளைப் படமெடுத்து, சென்னை ரிச்சி தெருவுக்குப் போன நண்பருக்கு அனுப்பினேன். 2ஆர்எக்ஸ்8 (கடைசி 8 எட்டு பிட் அகலச் சிப்பைக் குறிக்கும்) என்று லேபிளில் தெளிவாகப் போட்டிருந்த, 1.5 வோல்ட், 1600 வேக ரேமை அவர் வாங்கி வந்தார். முதல் முறையிலேயே எழுந்தது.

எழுந்ததும் வேலையைத் தொடங்கிவிடாமல் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம். கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இதைப் படிக்கும் டிடிஆர்5 கணினிக்காரர்களுக்கு ஒரு சொல்: புதிய ரேம் போட்ட முதல் தடவை பயாஸ் அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம். திரை வரவில்லை என்று நடுவில் மின்சாரத்தை அணைக்காதீர்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதாக இருந்தால், பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம்.

உங்கள் போர்டின் மாடல் எண்ணையும் இரண்டு ரேம்களின் லேபிளில் இருப்பதையும் கருத்துப் பகுதியில் அப்படியே எழுதுங்கள். பழைய ரேமைத் தனியாகப் போட்டபோது என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதினால், இன்றிரவே பார்த்துச் சொல்கிறேன்.