வரவு, யாருடைய ஏட்டில்?

வணக்கம் சார். மாலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே குழம்பிப்போய் நிற்கிறேன். ரொக்கம் கைக்கு வந்தால் அதைப் பற்றில், அதாவது டெபிட்டில், எழுத வேண்டும் என்கிறார் ஆசிரியர். ஆனால் சம்பளம் ஏறியதும் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, ‘வரவு வைக்கப்பட்டது’ என்கிறது. வீட்டிலும் வருவதைத்தானே வரவு என்கிறோம்? வரும் பணம் எப்படிப் பற்றாகும்? கேட்டால் விதியை மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஒப்பாமல் இருப்பதே நல்லது. இந்த இடத்தை மனப்பாடம் செய்து தாண்டியவர்கள், பிறகு எத்தனை வருடம் கணக்கெழுதினாலும் உள்ளுக்குள் ஒரு சந்தேகத்தோடேயே எழுதுகிறார்கள்.

தமிழில் வரவுக்கு இரண்டு ஜோடி உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘வரவு செலவு’ என்னும்போது என் கைக்கு வந்தது, என் கையை விட்டுப் போனது, அவ்வளவுதான். ஒருவர் தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்வது. ‘பற்று வரவு’ அப்படியல்ல, அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஏட்டை வைத்திருப்பவர் ஒருவர், ஏட்டின் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இன்னொருவர்.

கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் கடைக்காரரின் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயருக்கு ஒரு பக்கம். நீங்கள் சரக்கை எடுத்துக்கொண்டு, “பற்றில் எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். பிறகு பணம் கொடுக்கும்போது, “வரவு வெச்சுக்கோங்க” என்கிறீர்கள். பணம் போனது உங்கள் கையிலிருந்து, ஆனாலும் உங்கள் பக்கத்தில் விழுவது வரவு! ஏனென்றால் நோட்டு அவருடையது. நீங்கள் எடுத்துக்கொண்டது பற்று, உங்களிடமிருந்து அவருக்கு வந்தது வரவு. ‘பெறுபவரைப் பற்று செய்க, தருபவரை வரவு செய்க’ என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதையேதான்.

இப்போது வங்கிக்கு வாருங்கள். குறுஞ்செய்தி வங்கியின் ஏட்டிலிருந்து வருகிறது. உங்கள் கணக்கில் பத்தாயிரம் ஏறினால், உங்கள் பெயரில் வங்கிக்குப் பத்தாயிரம் வந்திருக்கிறது. அதை வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். உங்கள் சேமிப்பு வங்கிக்குக் கடன், அதனால்தான் உங்கள் பக்கத்தில் அது வரவு. நீங்கள் எடுக்கும்போது பற்று. இருப்பதற்கு மேலேயே எடுத்தால் அதற்குப் பெயர் மேல்வரைப்பற்று. அந்தப் பெயரிலேயே பற்று இருக்கிறது பாருங்கள்.

கிரெடிட் கார்டும் இதே கதைதான். பொருள் வாங்கினால் பற்று, பாக்கியைக் கட்டினால் வரவு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் திரும்பினாலும் வரவு.

அடுத்து உங்கள் உண்மையான கேள்வி, ரொக்கம். இங்கே ஏடு உங்களுடையது, ஆனால் எதிரே ஆள் இல்லை. ஆகவே கல்லாப்பெட்டியையே ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு பக்கம் திறந்திருக்கிறீர்கள். வந்த பணத்தை அதனிடம் ஒப்படைத்தால் அது பெறுகிறது. பெறுபவருக்கு என்ன? பற்று. எடுத்துச் செலவழித்தால் பெட்டி தருகிறது, ஆகவே வரவு. ‘உள்வருவதைப் பற்று செய்க’ என்ற விதியை இப்படிப் பார்த்தால் கடைக்காரர் நோட்டுக்கும் உங்கள் பாடத்துக்கும் சண்டையே இல்லை.

ஒவ்வொரு நடவடிக்கையையும் இரண்டு பக்கத்தில் எழுதும் இந்த முறை இத்தாலிய வணிக நகரங்களில் வளர்ந்தது. ஜெனோவா நகர நிர்வாகத்தின் 1340-ஆம் ஆண்டுக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. 1494-இல் வெனிஸில் அச்சான கணித நூலொன்றில் லூக்கா பசியோலி என்ற துறவி இதை முறையாக விளக்கி எழுதினார். அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியல்ல, அன்றைய வணிகர்கள் செய்துவந்ததை எழுதிவைத்தார். இத்தாலியக் கணக்கேடுகளில் பற்று எழுதும் இடப்பக்கத்துக்கு இன்றும் ‘கொடுக்க’ என்ற பொருளிலும் வரவு எழுதும் வலப்பக்கத்துக்கு ‘பெற’ என்ற பொருளிலும்தான் தலைப்பு. இவர் நமக்குக் கொடுக்க வேண்டியவர், இவர் நம்மிடம் பெற வேண்டியவர். அங்கேயும் இரண்டு ஆட்கள்தான்.

வரவு நல்லது, பற்று கெட்டது என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். கூட்டல், கழித்தல் குறி மாதிரியும் பார்க்காதீர்கள். சொத்துக் கணக்கில் பற்று எழுதினால் சொத்து கூடும், கடன் கொடுத்தவர் கணக்கில் பற்று எழுதினால் நம் கடன் குறையும்.

இன்னும் சில பாடங்கள் தள்ளி ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ வரும், உங்கள் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பாடம் அது. உங்கள் ஏட்டில் பற்றாக இருக்கும் பத்தாயிரம் வங்கியின் ஏட்டில் வரவாக இருக்கும். பலர் தடுமாறுவது அங்கேதான். அந்தப் பாடத்துக்கு உட்காரும்போது ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ‘யாருடைய ஏடு?’ என்று ஒருதரம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் ஏதாவது இடித்தால் அந்தக் கணக்கை அப்படியே அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.