சர்க்கரையைக் குறைத்தால் பழ ஐஸ் கல்லாகத்தான் உறையும்

கேள்வி: நன்கு பழுத்த மாம்பழங்களை மிக்சியில் கூழாக அரைத்து, டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். பழத்தைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை என்று ஒரு காணொளியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் கரண்டியே இறங்கவில்லை. சுரண்டி எடுத்தால் வாயில் ஐஸ் துகள்கள் நறநறத்தன. ஐஸ்கிரீம் இயந்திரம் இல்லாமல் இது சரியாக வராது என்கிறார் கடைக்காரர். கெட்டிப்படுத்தும் பொடி ஒன்று போதும் என்கிறார் இன்னொருவர். என் தாயாருக்கு நீரிழிவு இருப்பதால், சர்க்கரைக்குப் பதிலாக வேறு ஏதாவது சேர்க்கவும் விரும்புகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: இயந்திரமும் வேண்டாம், பொடியும் வேண்டாம். உங்கள் கூழ் கல்லாக உறைந்ததற்கு முதற்காரணம், அதில் சர்க்கரை போதாமல் இருந்ததுதான். பழமே அவ்வளவு இனிப்பாக இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். உறைந்த பண்டத்தில் சர்க்கரைக்கு இனிப்பூட்டுவதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை அதைச் சொல்வதே இல்லை. சர்க்கரை கரைந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. அதற்கும் கீழே போன பிறகுதான் உறையத் தொடங்கும். தொடங்கிய பிறகும் தண்ணீர் மட்டுமே பனிக்கட்டியாகப் பிரிகிறது. சர்க்கரை முழுவதும் எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுவதால், அந்த நீர் மேலும் மேலும் கெட்டியான பாகாகி, உறைவதற்கு இன்னும் கூடுதலான குளிரைக் கேட்கிறது. ஆகவே மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் ஃப்ரீசரில்கூடக் கலவையின் ஒரு பகுதி உறையாத பாகாகவே மிஞ்சுகிறது. பனித்துகள்களுக்கு இடையே நிற்கும் அந்தப் பாகுதான் கரண்டியை உள்ளே இறங்க விடுகிறது. சர்க்கரை இருமடங்கானால் அந்தப் பாகும் ஏறக்குறைய இருமடங்காகும். இதற்கு மேல் இதில் வேதியியல் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாம்பழக் கூழில் இயல்பாகவே 100 கிராமுக்கு ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. கரண்டியால் எடுக்கும் பதம் வேண்டுமானால், பழத்தில் இருப்பதும் நாம் சேர்ப்பதுமாக, மொத்தக் கலவையில் 25 முதல் 30 சதவீதம் வரை சர்க்கரை இருக்க வேண்டும். நீங்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டீர்கள். 500 கிராம் மாம்பழக் கூழுக்கு 90 கிராம் சர்க்கரை சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். ஸ்ட்ராபெர்ரியில் இயற்கைச் சர்க்கரை மிகக் குறைவு என்பதால் அதே அளவு கூழுக்கு 150 கிராம் வரை தேவைப்படும். தர்பூசணிக்கு 140 கிராம். இந்த அளவுகளைத் தராசில் நிறுத்தே எடுங்கள். ஒரு கப், முக்கால் கப் என்று எழுதும் குறிப்புகளைப் படித்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. யாருடைய கப், தலைதட்டியதா கோபுரமாகக் குவித்ததா என்று எவரும் சொல்வதில்லை. இந்தப் பண்டத்துக்காக நீங்கள் ஏதேனும் பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு சிறிய சமையலறைத் தராசை வாங்குங்கள்.

பழம் மட்டும் போதும் என்று சொன்ன காணொளியைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் வாழைப்பழத்தை வைத்துச் செய்து காட்டுகிறார்கள். வாழைப்பழத்தில் நீர் குறைவு. பெக்டின் என்ற பசைப்பொருளும் சற்று மாவுச்சத்தும் இருப்பதால், உறைந்த துண்டுகளை அரைத்தால் வெண்ணெய்போல் திரண்டு வரும். மற்றப் பழங்கள் அப்படி வருவதில்லை. அதோடு, காணொளி எடுப்பவர் அரைத்த அந்த நிமிடமே கிண்ணத்தில் எடுத்து வைத்துப் படம்பிடித்துவிடுகிறார்; மறுநாள் அதே டப்பாவைத் திறந்து காட்டுவதில்லை. சர்க்கரையே சேர்க்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கெட்டிப்பால் டப்பாவைக் கவிழ்ப்பவர்களும் உண்டு. அந்த இனிப்புக் கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

செய்முறை எளிது. பழக்கூழில் சர்க்கரையைக் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். அவ்வப்போது கிளறிவிட்டால் அடுப்பில் வைக்காமலேயே முழுவதும் கரைந்துவிடும். 500 கிராம் கூழுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ருசி பாருங்கள். இந்த நிலையில் இனிப்பு சற்றுத் தூக்கலாகவே தெரிய வேண்டும், ஏனெனில் குளிர்ந்த நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். இங்கே பயந்து சர்க்கரையைக் குறைப்பவர்கள்தான் பிறகு கல்லைச் சுரண்டுகிறார்கள். கழுவிய முட்டையை ஓட்டோடு கலவையில் மிதக்கவிட்டு, நாணயம் அளவுக்கு மேலே தெரிந்தால் சர்க்கரை சரி என்று ஒரு பழைய சோதனை உண்டு. நீர்த்த பழச்சாற்றில் அது ஓரளவு பொருந்தும்; மாம்பழக் கூழ்போன்ற கெட்டியான கலவையில் முட்டை எப்படியும் மேலேதான் நிற்கும். மேலும், சமைக்காமல் உண்ணப்போகும் ஒன்றில் முட்டை ஓட்டை முக்குவது எனக்கு உவப்பான செயல் அன்று. தராசு இருக்கும்போது முட்டை எதற்கு?

கலவையைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் வைத்து நன்றாகச் சில்லிட விடுங்கள். பிறகு ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, கட்டிகளை எடுத்து ஐந்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டு, மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டி, மழமழவென்று வரும்வரை அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடாவதோடு, அந்தச் சூட்டில் கலவையும் உருகிவிடும். அரைத்ததை முன்பே குளிரவைத்த டப்பாவில் அழுத்தி நிரப்பி இரண்டு மணி நேரம் வைத்தால் வேலை முடிந்தது. ஆழமான டப்பாவில் அப்படியே ஊற்றி வைத்ததுதான் நீங்கள் செய்த இரண்டாவது பிழை. மெதுவாக உறையும் கலவையில் பனித்துகள்கள் பெரிதாக வளர நேரம் கிடைக்கிறது. ஐஸ் ட்ரேயில் சிறு கட்டிகளாக விரைவாக உறைந்து, பிறகு மிக்சியின் கத்தியில் நொறுங்கும் துகள்கள் நாக்கில் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

ஐஸ்கிரீம் இயந்திரம் செய்வதும் இதே வேலைதான்: உறையும்போதே கிளறி, துகள்களைச் சிறியதாக வைத்திருக்கிறது. சர்க்கரை குறைந்த கலவையை அதில் ஊற்றினாலும், மறுநாள் ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது கல்தான். இதைச் சொல்லிவிட்டு விற்கும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. வீடுகளுக்கென்று அதிகம் விற்கப்படும் வகை, இரட்டைச் சுவருக்குள் குளிர்திரவம் நிரப்பிய கிண்ணம் கொண்டது. அந்தக் கிண்ணத்தை முதலில் ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் உறையவைக்க வேண்டும், ஒரு முறை செய்து முடித்ததும் மறுபடியும் வைக்க வேண்டும், அதுவரை ஃப்ரீசரில் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். இவை அட்டைப்பெட்டியின் மேல் எழுதப்படுவதில்லை. உள்ளே இருக்கும் கையேட்டில், பணம் கொடுத்த பிறகு படிக்கும்படியாக இருக்கின்றன.

பொடியின் கதையும் ஏறக்குறைய இதுவே. பல பெயர்களில் விற்கப்படும் இத்தகைய பொடிகளில் பெரும்பாலும் இருப்பது குவார் பிசின் போன்ற ஒரு பசைப்பொருளும், அதைப் பருமனாகக் காட்டச் சேர்த்த சர்க்கரையோ மாவோதான். தொழிற்சாலைகளுக்கு இத்தகைய பசைகள் உண்மையிலேயே தேவை, ஏனெனில் அவர்களுடைய சரக்கு மாதக்கணக்கில் கிடங்கிலும் வண்டியிலும் கடையிலும் குளிர் ஏறி இறங்கியபடி பயணம் செய்கிறது. ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும் உங்கள் டப்பாவுக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை. போடவேண்டிய அளவும் 500 கிராம் கூழுக்கு ஒரு கிராம் அல்லது சற்று அதிகம், அவ்வளவே. கண்ணளவில் ஒரு கரண்டி போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும்.

உங்கள் ஃப்ரீசரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஃப்ரீசர் பகுதியில் பொறித்திருக்கும் நட்சத்திரக் குறிகளில் ஒன்று இருந்தால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு இருந்தால் மைனஸ் 12, மூன்று இருந்தால் மைனஸ் 18. நான்கு இருந்தால், அதே குளிரோடு புதிய உணவை உறையவைக்கும் திறனும் உண்டு என்று பொருள். இது மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரம் அன்று. ஒரே வடிவத்தில் இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒரே பெட்டியின் மேல் ஒட்டிவிட்டு, வாங்குபவர் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறார்கள். உள்ளே திருகும் குமிழில் இருக்கும் எண்களும் டிகிரி அல்ல. 1 என்பதும் 5 என்பதும் எந்த வெப்பநிலை என்று கையேட்டிலும் பல நேரங்களில் காண முடியாது. மலிவான வெப்பமானி ஒன்றை உறைந்த பொருள்களுக்கு நடுவே ஓர் இரவு வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒற்றை நட்சத்திர ஃப்ரீசராக இருந்தால், நான் சொன்ன சர்க்கரை அளவில் கலவை கூழாகவே நிற்கும்.

இனி, உங்கள் தாயாரைப் பற்றி. இங்கேதான் மிகுதியாக ஏமாற்றுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டீவியா சர்க்கரையைப் போல் 200 மடங்குக்கு மேலும், சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கும் இனிப்பவை. 90 கிராம் சர்க்கரையின் இனிப்புக்கு இவற்றில் அரை கிராம்கூட வேண்டாம். ஆனால் அந்த அரை கிராமால் தண்ணீர் உறைவதைத் தடுக்க முடியாது. 90 கிராம் கரைந்திருந்தால்தான் அந்த வேலை நடக்கும். ஆகவே இனிப்பான கல் கிடைக்கும். கடையில் வாங்கும் ஸ்டீவியா பொட்டலம் எடையாக இருக்கிறதே என்றால், அதில் பெரும்பகுதி நிரப்புப்பொருள்தான்; அது டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் என்றிருந்தால், இரண்டும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. பொட்டலத்தின் முன்பக்கத்தில் பச்சை இலை, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ளடக்கம்.

எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி இதற்கு ஒரு விதிவிலக்கு. அதன் மூலக்கூறு சிறியது என்பதால் எடைக்கு எடை சர்க்கரையைவிட அதிகமாகவே உறைநிலையைத் தாழ்த்தும். இரத்தச் சர்க்கரையையும் ஏறக்குறைய பாதிப்பதில்லை. இதைக் கேட்டவுடன் கடைக்கு ஓடிவிடாதீர்கள். குளிர்ந்த நீரில் அது சர்க்கரை அளவுக்குக் கரையாது. ஃப்ரீசரில் இருக்க இருக்க மீண்டும் படிகமாகப் பிரிந்து, மணல் கலந்ததுபோல் பல்லில் படும். இனிப்பும் சர்க்கரையைவிடக் குறைவு, நாக்கில் ஒருவிதமான சில்லிப்பும் தனியாகத் தெரியும். ஆகவே அதை வைத்துச் செய்வதானால் அன்றைக்கே உண்டு தீரும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். அதன் உறவான சைலிட்டாலும் சார்பிட்டாலும் அதிகமானால் வயிற்றைக் கலக்கும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டாலை வாங்கவே வேண்டாம், அது நாய்களுக்குக் கொடிய நஞ்சு.

தேன், பேரீச்சைப் பாகு, பழச்சாற்றுச் செறிவு ஆகியவற்றைச் சேர்த்துவிட்டுச் சர்க்கரை இல்லாதது என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனிலும் பாகுகளிலும் பழச்சாற்றிலும் அதன் செறிவிலும் உள்ள சர்க்கரையை, நாம் கரண்டியால் அள்ளிப்போடும் சர்க்கரையோடு ஒரே வகையாகத்தான் சேர்க்கிறது.

தாயாருக்கு நான் சொல்லும் வழி வேறு. மாம்பழத்தில் இருக்கும் சர்க்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள ஸ்ட்ராபெர்ரியை எடுத்து, எதுவும் சேர்க்காமல் கூழாக்கி, அகலமான உலோகத் தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றி வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை முள்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கீறிவிட்டால், மூன்று மணி நேரத்தில் பொலபொலவென்ற பழப்பனி கிடைக்கும். இது துகளாகவே உண்ணப்படுவது என்பதால் மென்மைக்காகச் சர்க்கரை தேவையில்லை. உடனே பரிமாறிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பழத்தின் சர்க்கரையும் சர்க்கரையே. எவ்வளவு உண்ணலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்காகச் செய்த மாம்பழ ஐஸை, மேற்பரப்பின் மீது ஒட்டும்படி பிளாஸ்டிக் தாள் வைத்து மூடி, ஃப்ரீசரின் உட்பக்கத்தில் வையுங்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சிறு துகள்கள் உருகி, பெரிய துகள்களோடு சேர்ந்து மறுபடி உறைவதால், கதவருகே வைத்தது இரண்டு மூன்று நாளில் நறநறக்கத் தொடங்கும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு கீழ்ப்பகுதிக்கு மாற்றிவிடுங்கள். மின்தடையால் உருகிவிட்டால், இன்னும் சில்லென்று இருக்கும் பழக்கலவையை மீண்டும் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து அரைத்துக்கொள்ளலாம். பால் அல்லது கிரீம் சேர்த்தது உருகி வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். உறையவைப்பதால் கிருமிகள் சாவதில்லை.