செங்கல் மேட்டில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கெடாவின் மெர்போக் போய் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். இதுதான் பழைய கடாரம், கடாரம் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அங்கே கண்டதெல்லாம் குட்டைச் சுவர்களும் கல் அடித்தளமும்தான். போன வருடம் கம்போடியாவில் அங்கோர் வாட் கோயிலைப் பார்த்த என் மகன், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு என்ன சொல்ல?

வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள சகோதரி,

பையன் கேட்டதில் தப்பில்லை. கண்ணுக்கு விருந்து என்று பார்த்தால் பூஜாங் அங்கோரின் கால்தூசிக்கு வராது. ஆனால் அந்த அங்கோரிலேயே 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் பாய்ச்சிப் பார்த்தபோது காட்டுக்கடியில் தெரிந்தவை தெருக்கள், குளங்கள், வீடு இருந்த மேடுகள். ராஜா எங்கே கும்பிட்டார் என்பது முன்பே தெரியும். குடிசனம் எப்படி வாழ்ந்தது என்பதுதான் புதுச் செய்தி.

எனக்குப் பிடித்த தொல்பொருள் ஒன்று தாய்லாந்தின் கிராபி பக்கம், குவான் லுக் பாட்டில் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல். தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல் அது. பினாங்கு ஸ்திரீட் நகைக்கடையில் என் பாட்டி வளையலைக் கொடுத்தால், பத்தர் கல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அந்த மஞ்சள் கோட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அதே வேலையை ஏறக்குறைய 1700 வருடம் முன்பு கடல் தாண்டி வந்து செய்தவர் பெரும்பதன். பேரை ஏன் வெட்டினார்? பக்கத்துப் பட்டறைக்காரன் இரவல் வாங்கித் திருப்பித் தராமல் போயிருப்பான் என்பது என் ஊகம்!

இதே கதைதான் எகிப்தின் பழைய துறைமுகமான பெரனிகேயிலும். கோயில் வளாகத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு. ரோமாபுரி வாணிபத்தைப் பற்றி எத்தனை பேசினாலும் அந்தச் சாடிக்கு ஈடாகாது.

இனி நம் பக்கம். பூஜாங்கில் நீங்கள் கோயில் அடித்தளங்களைத்தான் பார்த்திருக்கிறீர்கள். (அவற்றிலும் ஒன்று, 11ஆம் எண் சண்டி, அதாவது கோயில், இடித்துத் தள்ளப்பட்டது 2013இல் வெளியே தெரிந்து நாடே கொதித்தது.) கொஞ்சம் தள்ளி சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய இடம் இருக்கிறது. துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் குழாய்கள், இரும்புக் கசடு, படகுத்துறை எல்லாம் கிடைத்திருக்கின்றன. அதன் வயது பற்றி ஆய்வாளர்களுக்குள் தகராறு இன்னும் ஓயவில்லை. எல்லாம் நாம் கட்டியது என்று மேடையில் முழங்குபவர்களோடு எனக்கு ஒட்டாது. உலையில் வெந்தவர்கள் உள்ளூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். நம்மவர்கள் சரக்கு ஏற்ற வந்திருப்பார்கள். அதில் என்ன குறைச்சல்?

அப்புறம், எங்கள் செபராங் பிறையில் குவார் கெப்பா. கெப்பா என்றால் மட்டி. தின்று போட்ட ஓடுகளே மேடாகக் குவிந்த இடம். சுண்ணாம்பு சுட அள்ளிக்கொண்டு போனது போக மிஞ்சிய மண்ணில், 2017இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது சுமார் 5700 ஆண்டு. பினாங்குப் பெண் என்கிறோம். எலும்பு மக்காமல் இருந்ததே அந்த ஓட்டுச் சுண்ணாம்பின் புண்ணியத்தில்தான்.

அடுத்த விடுமுறையில் பையனை சுங்கை பத்துவுக்குக் கூட்டிப் போங்கள். அந்தச் சுடுமண் குழாய் ஒன்றைக் காட்டி, இது எதற்கு என்று அவனையே யோசிக்க விடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும்.